அணைத்த பின் ஏறும் வெப்பம்

மோட்டார்க் காரைப் பற்றிப் பேச ஒரு பாடசாலை அதிபர் வந்திருக்கிறாரே என்று உங்களுட் சிலர் வியப்படையக்கூடும். அவ்வியப்பு நியாயமானதே. நான் பெற்ற பட்டம் கலைப் பட்டம். கற்றதும் கற்பித்ததும் தமிழும் வரலாறும். வெப்பம் என்னும் சொல்லைப் பாலைத்திணை கற்பிக்கும்போது பலமுறை பயன்படுத்தியிருக்கிறேனேயன்றி, அதனைப் பாகை கொண்டு அளந்தறிந்தவனல்லன். ஆயினும் 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து நண்பகலொன்று என்னை அளக்கவும் வைத்தது. அளந்ததை இங்கு வந்து சொல்லவும் வைத்திருக்கிறது.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நிரைபெற்றுக் கிடக்கும் எங்கள் ஊர்களில் வாழ்வோருக்குக் கச்சானை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. பிற மாகாணங்களில் இருந்து கேட்போருக்காகச் சொல்லுகிறேன். தென்மேற்குப் பருவக் காற்று தன் ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிடுகிறது. பின்னர் மலை கடந்து கீழிறங்கும்போது அமுக்கமுற்றுச் சூடேறி, உலர்ந்த அனலாக எங்கள் வயல்வெளிகளைத் தாண்டி வருகிறது. அல்ப்ஸ் மலைச் சரிவிலும் இவ்வாறு இறங்கும் காற்று உண்டு. 'போன்' காற்று என்று புவியியற் பாடத்திற் கற்பிக்கிறோம். எங்கள் மக்கள் அதற்கு இட்ட பெயர் கச்சான். கச்சான் வீசும் நாளில் துணி விரைவில் உலரும், உதடு வெடிக்கும், பொறுமையும் சற்றே உலர்ந்துபோகும்.

அப்படிப்பட்ட ஒரு நாளில், கல்முனையில் உயர்தரப் பரீட்சை மண்டபத்தின் வாசலில் எங்கள் பிள்ளைகளை வழியனுப்ப நின்றிருந்தேன். அன்று பிற்பகல் வினாத்தாள். மாணவியொருத்தி அழுதுகொண்டு வந்தாள். தேசிய அடையாள அட்டையை நிந்தவூரிலுள்ள வீட்டில் மறந்து வந்துவிட்டாளாம். "நில் மகள், இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். என்னுடைய கார் 1980களில் ஜப்பானிற் செய்யப்பட்டது; காபரேற்றர் உள்ள பழைய வகை. சனம் நெருங்கிய சாய்ந்தமருதுக் கடைவீதியில் ஊர்ந்து, காரைதீவுச் சந்தியில் நின்று, ஒருவாறு அவள் வீட்டை அடைந்து எஞ்சினை நிறுத்தினேன். அவளுடைய உம்மா அலுமாரியையும் பெட்டிகளையும் புரட்டி, ஒரு பழைய கைப்பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவரப் பத்து நிமிடத்துக்கு மேலாயிற்று. நான் திறப்பைத் திருகினேன். எஞ்சின் உறுமியது, இருமியது, பற்றவில்லை. மீண்டும் திருகினேன். பெற்றோல் வாடை மூக்கைத் துளைத்தது, கார் அசையவில்லை.

அயலவர் கூடிவிட்டனர். ஓர் இளைஞன் பொனட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றிக் கையிற் சுற்றிக்கொண்டு, றேடியேற்றர் மூடியைத் திருகப் போனான். "தொடாத மகன்! கண் அவிஞ்சி போகும்!" என்று கத்தினார் மதிலோரம் நின்ற முதியவர் ஒருவர். அவர் முன்னாளில் லொறி ஓட்டியவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். அந்தக் கூச்சலுக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன். ஏனென்பதைச் சற்றுப் பின்னர் சொல்லுகிறேன். அடையாள அட்டையைப் பக்கத்து வீட்டுப் பையன் மோட்டார் சைக்கிளிற் கொண்டோடினான். பிள்ளை பரீட்சை எழுதினாள். எழுதினாள் என்ற செய்தி எனக்குக் கிடைக்கும்வரை நான் அந்த ஒழுங்கையில் வேப்பமர நிழலில் நின்ற நிலை எனக்கே தெரியும். ஒரு மணித்தியாலம் கழிந்து திறப்பைத் திருகிப் பார்த்தேன். ஒன்றுமே நிகழாதது போலக் கார் உயிர்பெற்றது!

மறுநாள், எங்கள் ஊரில் நெடுங்காலமாகக் கராஜ் நடத்தும் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். வயதில் எனக்கு மூத்தவர். காக்கா என்றே அழைப்பேன். "காக்கா, ஓடும்போது சூடேறாத கார், நிறுத்திய பின்பு எப்படிச் சூடேறும்?" என்று கேட்டேன். அவர் ஸ்பானரைத் துடைத்தவாறே சொன்னார்: "சேர், வண்டி ஓடக்குள்ள தண்ணி சுத்தும், காத்தும் வரும். நிப்பாட்டினா ரெண்டும் இல்ல. இரும்புல இரிக்கிற சூடு எங்க போற?"

நேயர்களே, நான் பின்னர் நூல்களைப் புரட்டிக் கற்றதெல்லாம் இந்த ஒரு கேள்வியின் விரிவுரையே. எஞ்சினின் உருளைக்குள் பெற்றோல் எரியும் கணத்தில் எழும் வெப்பநிலை 2000 பாகை சதமத்தையும் தாண்டும். அந்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைக்கூட நாம் சக்கரத்துக்கு வேலையாகப் பெறுவதில்லை. பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும், எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீர் வழியாகவும் வெளியேறுகிறது. தண்ணீர்ப் பம்பு நீரைச் சுழற்ற, அந்நீர் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிற் பரவ, விசிறி காற்றை இழுக்க, வெப்பம் வெளியே போகிறது. திறப்பை அணைத்த கணத்தில் பம்பு நின்றுவிடுகிறது. ஆனால் உருளைத் தலையும் புகைக்குழாயும் நீரைவிட மிகச் சூடானவை. அவற்றிலுள்ள வெப்பம் அசைவற்றுக் கிடக்கும் நீருக்குள்ளும், மூடிய பொனட்டுக்குள் அடைபட்ட காற்றுக்குள்ளும் மெல்ல ஊறுகிறது. ஆகவே அணைத்த பின்னர் சில நிமிடங்களுக்கு வெப்பநிலை குறைவதற்கு மாறாக ஏறுகிறது. இதனை 'ஊறும் வெப்பம்' என்று நான் அழைத்துக்கொள்கிறேன். அடுப்பை அணைத்த பின்னும் மண்சட்டியில் மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருப்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காண்கின்றனர்; அவர்களுக்கு இதில் வியப்பில்லை.

இந்த வெப்பம் காபரேற்றரை அடையும்போதுதான் வம்பு தொடங்குகிறது. பெற்றோல் என்பது ஒரே கொதிநிலையுள்ள திரவமன்று. பல திரவங்களின் கலவை. அதன் இலேசான பகுதிகள் 40 பாகைக்கு உள்ளாகவே கொதிக்கத் தொடங்கிவிடும். காபரேற்றரின் சிறு கிண்ணத்தில் நிற்கும் பெற்றோல் கொதித்துப் பொங்கி, வேண்டாத அளவில் எஞ்சினுக்குள் வழிகிறது. அல்லது குழாயில் ஆவியாகி, பம்பு திரவத்தை இழுக்க முடியாதபடி அடைத்துக்கொள்கிறது. என் மூக்கைத் துளைத்த வாடையின் காரணம் இதுவே. நானோ பதற்றத்தில் ஆக்சிலேற்றரை மீண்டும் மீண்டும் மிதித்து, மூழ்கிய எஞ்சினை மேலும் மூழ்கடித்தேன். மிதியை ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகினால் மிகுதியான ஆவி வெளியேறிப் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதை அன்று அறிந்திலேன்.

பம்பில்லாமலே இந்தச் சிக்கலை ஒருவாறு சமாளித்த கார்களும் இருந்தன. ஹென்றி போர்டின் புகழ்பெற்ற 'மொடல் டி' காரிற் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர்ப் பம்பே கிடையாது. சூடான நீர் இலேசாகித் தானே மேலெழும், குளிர்ந்த நீர் தானே கீழிறங்கும்; அந்த இயற்கை ஓட்டமே அதற்குப் போதுமாயிருந்தது. எஞ்சினை அணைத்த பின்னும் அவ்வோட்டம் சிறிது நேரம் நிற்காது. நம் நாட்டின் வீதிகளில் இன்றும் காணக்கிடைக்கும் மொறிஸ் மைனரில் எஞ்சினோடு பட்டியாற் பிணைக்கப்பட்ட விசிறி உண்டு. எஞ்சின் சுழன்றால் அதுவும் சுழலும், நின்றால் நிற்கும். அதில் நாம் மாற்றியமைக்க ஒன்றுமில்லை. மின்விசிறி வந்த பின்னரே, எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எஞ்சின் அணைந்த பின் எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்ற கேள்விகள் எழுந்தன.

காக்கா என் காரைப் பார்த்து முதலிற் சிரித்தார். பின்னர் முகஞ் சுளித்தார். விசிறியை இயக்கும் வெப்ப ஆளி ஒரு சிறு பித்தளைத் துண்டு. றேடியேற்றரின் பக்கத்திற் செருகப்பட்டிருக்கும். அதன் தலையில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விசிறி தொடங்கும் பாகை. இரண்டாவது நிற்கும் பாகை. என் காருக்குச் செய்தோர் விதித்தது 92-87. இருந்ததோ 100-95! முன்னொரு காலத்தில் யாரோ, கிடைத்ததை மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஆகவே நெரிசலில் ஊர்ந்து வந்த என் கார், விசிறி எழும்பாமலே நூறு பாகையை நெருங்கிய நிலையில் வீட்டு வாசலில் நின்றிருக்கிறது. அந்த உயரத்திலிருந்து ஊறும் வெப்பம் மேலும் ஏறியிருக்கிறது.

என்னுள் இருந்த கலைப் பட்டதாரி உடனே விழித்துக்கொண்டான். "காக்கா, அப்படியானால் 75 பாகையிலே தொடங்கும் ஆளியைப் போட்டுவிடுங்கள், எப்போதும் குளிர்ந்தே இருக்கட்டும்" என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "எஞ்சினுக்கும் காய்ச்சல் அளவு ஒண்டு இரிக்கி சேர். அதுக்குக் கீழ போனாலும் நோய்தான்" என்றார். அதன் விளக்கம் இது. எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் இடையே தேர்மோஸ்டாட் என்னும் ஒரு வெப்ப வாயில் உண்டு. என் காரில் அது 82 பாகையிலே திறக்கத் தொடங்கும். அதற்குக் கீழான பாகையில் நிற்கும்படி விசிறியை அமைத்தால், எஞ்சின் வாயிலை மூடித் தன்னைச் சூடாக வைத்திருக்க முயலும். விசிறியோ நிற்க வேண்டிய பாகையை எட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும். விசிறி மோட்டாரும் தேயும், பற்றரியும் தளரும். எஞ்சின் போதிய சூடின்றி ஓடினால் பெற்றோலும் மிகுதியாகச் செலவாகும். ஆகவே விசிறி நிற்கும் எண் வாயில் திறக்கும் எண்ணுக்கு மேலே இருத்தல் வேண்டும். சில கார்களில் ஆளி றேடியேற்றரின் அடிப்புறத்தில், குளிர்ந்த நீர் சேருமிடத்தில் இருக்கும். அங்கே கணக்கு வேறுபடும். ஆதலால் செய்தோர் விதித்த எண்ணைக் கைந்நூலிற் பார்த்துக்கொள்வதே நேர்வழி.

என் காரில் அந்த வெப்ப வாயிலும் இல்லை! அதையும் யாரோ கழற்றி எறிந்துவிட்டனர். எங்கள் பகுதியில் இது ஒரு பழைய வழக்கம். 'சூட்டு நாட்டுக்கு இது எதற்கு' என்பர். நான் இதனை வன்மையாக மறுக்கிறேன். பல எஞ்சின்களில் அந்த வாயில் திறக்கும்போதே குறுக்கு வழியொன்றை அடைத்து, நீர் முழுவதையும் றேடியேற்றருக்கு அனுப்புகிறது. வாயிலைக் கழற்றினால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். சூடான நீரில் ஒரு பங்கு றேடியேற்றரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். காலைக் குளிரில் எஞ்சினைச் சூடேறவிடாமலும், நண்பகல் நெரிசலில் ஆறவிடாமலும் செய்யும் வைத்தியம் இது.

விதித்தபடி ஆளியையும் வாயிலையும் மாட்டிய பின், காக்கா மூன்றாவதாக ஒன்றைச் செய்தார். அதுவரை என் காரின் விசிறிக்குத் திறப்பு வழியாகவே மின்சாரம் சென்றது. திறப்பை அணைத்தால் விசிறியும் அணைந்தது. அவர் பற்றரியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, இடையே பியூஸ் ஒன்றும் றிலே ஒன்றும் வைத்து, எஞ்சின் அணைந்த பின்னும் சூடு மிகுந்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் விசிறி ஓடும்படி அமைத்தார். பற்றரி வற்றிவிடாதோ என்று அஞ்சினேன். கணக்குப் பார்த்தோம். அத்தகைய விசிறி ஏறக்குறைய 10 அம்பியர் மின்னை இழுக்கும். ஐந்து நிமிடம் என்பது மணித்தியாலத்தின் பன்னிரண்டிலொரு பங்கு. ஆகவே செலவு ஓர் அம்பியர்-மணிக்கும் குறைவு. 40 அம்பியர்-மணி கொள்ளும் பற்றரிக்கு இது ஐம்பதிலொரு பங்கே. பற்றரி முதுமையடைந்ததாயின் கதை வேறு.

ஒரு குறையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். எஞ்சின் அணைந்த பின் ஓடும் விசிறி, நின்றுபோன நீரைச் சுழற்றாது. அது றேடியேற்றரை ஆற்றும். பொனட்டுக்குள் அடைபட்ட காற்றை வெளியே தள்ளும். முதற் சில கணங்களில் அது தள்ளுவதும் சூடான காற்றே. ஆகவே இதைவிடச் சிறந்தது, நெடுந்தூரம் ஓடியோ நெரிசலில் ஊர்ந்தோ வந்து நிற்கும்போது, எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, விசிறி தன் வேலையை முடித்து நின்றதும் அணைப்பது. அப்போது பம்பும் விசிறியும் சேர்ந்து தொழிற்படுகின்றன. செலவாகும் பெற்றோல் மிகச் சிறிது.

எங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஆய்வுகூடத்து வெப்பமானியைக் கொண்டுவந்தார். காபரேற்றரின் அருகே கட்டி அளந்தோம். பழைய நிலைமையை மீட்டுத் தரும்பொருட்டு விசிறியின் பியூசைக் கழற்றிவிட்டு அணைத்தபோது, ஓடுகையில் 55 பாகையளவில் நின்ற காற்று கால் மணித்தியாலத்தில் 80ஐ அணுகியது. பியூசை மாட்டி, விசிறியை ஓடவிட்டு அணைத்தபோது 65ஐத் தாண்டவில்லை. மாணவர் சிலர் குறிப்பேட்டில் வரைபு வரைந்தனர். அதிபரின் காரைப் பரிசோதனைக் கூடமாக்கியதில் அவர்களுக்கு அளவற்ற மகிழ்ச்சி.

கச்சானின் கணக்கையும் அவர்களே போட்டுக் காட்டினர். வெப்பம் வெளியேறும் அளவு, நீருக்கும் காற்றுக்கும் உள்ள பாகை வேறுபாட்டைப் பொறுத்தது. 90 பாகை நீருக்கும் 30 பாகைக் காற்றுக்கும் உள்ள வேறுபாடு 60. கச்சானில் காற்று 36 பாகையானால் வேறுபாடு 54. பத்திலொரு பங்கு ஆற்றும் வலிமை அங்கேயே போய்விட்டது. ஆயினும் கச்சானை முழுப் பகைவனென்று கொள்ள வேண்டா. அது மேற்கிலிருந்து வீசுவது. எங்கள் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்வன. காரை வயல்பக்கம் முகம் பார்க்க நிறுத்தினால், காற்றே றேடியேற்றருக்குள் புகுந்து விசிறியின் வேலையிற் பாதியைச் செய்யும்.

இனி, அந்த முதியவரின் கூச்சலுக்கு வருகிறேன். றேடியேற்றர் மூடி வெறும் மூடியன்று. அமுக்கத்தைக் காக்கும் ஒரு வால்வு. பல மூடிகளில் 0.9 என்று பொறித்திருக்கும். அந்த அமுக்கத்தில் நீர் 100 பாகையிற் கொதிக்காது. 118 பாகையளவு வரை திரவமாகவே நிற்கும். மூடியைத் திறந்த கணத்தில் அமுக்கம் அற்றுப்போக, நூறு பாகைக்கு மேலிருந்த நீர் முழு வேகத்தோடு ஆவியாகிச் சீறும். முகமும் மார்பும் வெந்துபோகும். ஊறும் வெப்பத்தால் அந்த நீர் மிகச் சூடாவது, கார் நின்ற சில நிமிடங்களிலேதான்; உதவிக்கு வருவோர் மூடியில் கைவைப்பதும் அதே நிமிடங்களிலேதான். மேற்குழாயைத் தொட்டுக் கை பொறுக்கும்வரை மூடியைத் தொடக் கூடாது. மின்விசிறி எஞ்சின் அணைந்த பின்னும் திடீரெனச் சுழலக்கூடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். அதன் இதழ்களுக்கிடையே விரலோ சால்வையோ போகலாகாது.

ஆளி சரியாயிருந்தும் கார் ஆறவில்லையாயின், காற்று போகும் வழியைப் பாருங்கள். சிறுபோக அறுவடைக் காலத்தில் நெல்லை வீதியோரத்திற் காயவைக்கும் வழக்கம் எங்கள் மாவட்டத்தில் உண்டு. அந்த வீதிகளில் ஓடும் காரின் றேடியேற்றர் பதராலும் வைக்கோற் தூசியாலும் அடைபட்டுவிடும். உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். உள்ளே ஊற்றும் நீரும் ஒரு பொருட்டே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறியபோது உப்பு நீர் எத்தனையோ கிணறுகளிற் கலந்தது. அதற்கு முன்னும் கரையோரக் கிணறுகள் சில உவர்தான். உவர்நீர் குழாய்களின் உள்ளே படிவை உண்டாக்கும், உலோகத்தை அரிக்கும். கடையில் விற்கும் கூலன்ட் திரவம் விலை கூடியதென்பது உண்மை. புதிய றேடியேற்றர் அதனினும் விலை கூடியது. விசிறியைக் கழற்றி மாட்டுபவர் கம்பிகளை இடம் மாற்றிவிட்டால் அது காற்றை எதிர்ப்புறமாகத் தள்ளும். எஞ்சின் ஓட, விசிறி சுழலும்போது முன்வலையில் ஒரு கடதாசித் துண்டை வைத்துப் பாருங்கள். விசிறி றேடியேற்றருக்குப் பின்னே இருக்கும் காரில் கடதாசி ஒட்டிக்கொண்டு நின்றால் சரி, பறந்துவிட்டால் பிழை.

2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசைகளில் நாங்கள் நாட்கணக்கிற் காத்திருந்தபோது, பத்து அடி நகர்வதற்காக எஞ்சினை இயக்கி, அணைத்து, மீண்டும் இயக்கிய கார்கள் ஒவ்வொன்றாக மூச்சடைத்து நின்றதைக் கண்டேன். பட்டறிந்தோர் காரைக் கையாலே தள்ளினர். 2020 முதல் 2025 தொடக்கம் வரை புதிய வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் பழைய கார்களின் ஆயுள் நீண்டது; அவற்றுக்குப் பழைய இரும்புக் கடையில் எடுத்த பொருத்தமற்ற ஆளிகளும் வந்து சேர்ந்தன. அண்மைக் காலக் கார்களில் விசிறியைக் கணினியே ஆளுகிறது. பெற்றோலும் அமுக்கத்தில் நிற்பதால் எளிதிற் கொதிப்பதில்லை. அவற்றின் கம்பிகளை வெட்டி ஒட்டாதிருப்பதே உத்தமம். ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு மட்டும் ஒன்று: பல வகைகளில் பின்னாசனத்தின் பக்கத்தில் பற்றரியை ஆற்றும் காற்று வாயிலொன்று உண்டு. பிள்ளைகளின் புத்தகப் பைகளை அதன்மேல் சாத்திவைக்காதீர்கள்.

என் பழைய கார் இன்னும் ஓடுகிறது. காலையில் பாடசாலை முற்றத்தில் அதனை நிறுத்தி இறங்கினால், சில நாளில் விசிறி தொடர்ந்து இரைந்துகொண்டிருக்கும். அண்மையில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சிறைக்க ஓடிவந்து, "சேர், வண்டிய நிப்பாட்ட மறந்துட்டீங்க!" என்றான். அவனுடைய தோளிற் கைவைத்து, "மறக்கவில்லை மகன், கொஞ்சம் நின்று பார்" என்றேன். இருவரும் நின்றோம். மணி அடித்தது; விசிறி அதற்குச் சற்றுப் பின்னர் நின்றது.